திம்மையாவுக்குப் பச்சை தெரியுமா

திம்மையா நல்ல மனிதன்தான். ஆனால் தொழில் கர்வம் தலைக்கேறியவன். அருப்புக்கோட்டையில் அவனுடைய தெருவில் தறி இல்லாத வீடு கிடையாது. அத்தனை வீட்டு நெசவிலும் ஒரு குறையாவது கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. எங்கோ நடந்த சண்டையால் நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஊரார் தறியோடு அவன் தறியும் ஓய்ந்தது. குறை சொல்லக்கூட யாரிடமும் புதுச் சேலை இல்லை.

கோயமுத்தூர் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் நாலு பேர் கிளம்பினார்கள். திம்மையாவின் மனைவி லிங்கம்மாள் அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா கொழும்புக்கு வேலைக்குப் போனவர். போனவர்தான், திரும்பவே இல்லை. வெளியூர் என்ற பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள்.

நல்லவேளையாகக் காளிராஜ் இருந்தார். பரளச்சிப் பக்கம் நிலபுலன் உள்ளவர். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஒரு பஸ் விட்டிருந்தார். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பு ஒன்றைக் கட்டி, அதில் வரும் வாயுவில் ஓட்டினார்கள். அந்த அடுப்புக்குக் கரி போடும் வேலைக்குத் திம்மையா போனான். கூலி அரை வயிற்றுக்குத்தான் காணும். டிரைவர் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட, காளிராஜே தற்காலிகமாகப் பஸ்ஸை ஓட்டினார்.

"திம்மையா, பழகுறதுக்கு லைசென்ஸு எடுத்துட்டு வாப்பா. நானே பக்கத்துல உக்காந்து சொல்லித் தாரேன். ரொம்ப நாள் காத்திருக்க ஏலாது. நீ வரலேன்னா வேற ஆளப் போட்டுருவேன்" என்றார்.

அன்று முதல் ஓய்ந்த தறிக்கு மறுபடி வேலை வந்தது. திம்மையா தறிக்குழிக்குள் காலை விட்டு உட்காருவான். இடது மிதிகட்டை கிளச்சு, வலது மிதிகட்டை பிரேக்கு, பக்கத்தில் நட்டுவைத்த உலக்கை கியர். வாயால் உறுமிக்கொண்டே திருச்சுழி வரை போய்த் திரும்புவான். நூல் இல்லாத ஏக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். லிங்கம்மாள் மட்டும், "வளைவுல பாத்துப் போங்க" என்பாள்.

போட்டோ எடுத்தாயிற்று, மனு எழுதியாயிற்று. கண் நன்றாகத் தெரிகிறது, சிவப்பும் பச்சையும் பிரித்தறிகிறான் என்று டாக்டர் எழுதித் தர வேண்டியதுதான் பாக்கி. லிங்கம்மாளுக்கும் மருந்து வாங்க வேண்டியிருந்ததால் இருவருமாகவே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

தூரத்து எழுத்தையெல்லாம் திம்மையா தடங்கலில்லாமல் வாசித்தான். அடுத்து டாக்டர் ஒரு தட்டு நிறைய, பல நிறக் கம்பளி நூலைச் சிறு சிறு கட்டாக முடிந்த சிட்டங்களைக் கொட்டினார். பச்சைச் சிட்டம் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இது மாதிரி இருக்கிறதையெல்லாம் எடு" என்றார்.

நூலைக் கண்டதும் நெசவாளி விழித்துக்கொண்டான். ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், முறுக்கிப் பார்த்தான், கீழே வைத்தான். கடைசியில், "ஒண்ணும் சேராதுங்கய்யா" என்றான். சிவப்பு கொடுத்தார். அதற்கும் அதே பதில். டாக்டர் என்ன செய்வார் பாவம்? "உனக்கு நிறம் தெரியலைப்பா. பஸ் ஓட்ட எழுதித் தர முடியாது" என்று அனுப்பிவிட்டார்.

வாசலில் காத்திருந்த லிங்கம்மாளிடம் வந்தபோது அவன் முகம் செத்திருந்தது.

"எனக்குக் கண்ணு சரியில்லையாம். கோயமுத்தூருதான் போகணும்போல."

"என்னத்தக் காட்டுனாக?"

"நூலு. பச்சைக்குப் பச்சை எடுக்கச் சொன்னாக. ஒண்ணு இளசு, ஒண்ணு வெளுத்தது, இன்னொண்ணுல மஞ்ச தூக்கலு. எதை எதோட சேக்க? சேலைல வச்சா திட்டுத் திட்டாத் தெரியுமே."

லிங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சாயம் துளி மாறினாலும் நூல் கொடுத்துச் சேலை வாங்கும் முதலாளி அதை முகத்தில் விட்டெறிவார் என்பது அவளுக்கும் தெரியும்தான். அதற்காக இங்கேயுமா?

"அவுக என்ன சேலையா நெய்யப் போறாக? உங்க கெட்டிக்காரத்தனத்துல இடி விழ!"

தடுத்த கம்பவுண்டரை விலக்கிக்கொண்டு அவனை உள்ளே இழுத்துப் போனாள்.

"சாமி, இவுகளுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, புத்திதான் கோளாறு. சாயம் ஒண்ணுபோல இருக்கானு பாத்திருக்காக. பச்சையா செவப்பானு கேளுங்க, சொல்லுவாக."

டாக்டர் தட்டைப் பார்த்தார், திம்மையாவைப் பார்த்தார். பிறகு விஷயம் பிடிபட்டுச் சிரித்தார்.

"சரி, வா. வெளுத்ததோ இளசோ, பச்சைன்னா இந்தப் பக்கம், சிவப்புன்னா அந்தப் பக்கம்."

திம்மையாவின் கை மளமளவென்று பிரித்தது. ஒரே ஒரு சிட்டத்தில் மட்டும் நின்று, "இது கொஞ்சம்..." என்று இழுத்தான்.

"வைங்க!" என்றாள் லிங்கம்மாள். வைத்தான்.

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் காகிதத்தை நீட்டினார். அதை வாங்காமல் லிங்கம்மாள் அவரையே பார்த்தாள்.

"அப்ப இவுக ஊரவிட்டுப் போக வேண்டாமுல்ல?"

டாக்டருக்கு அவள் அப்பாவின் கதை தெரியாது; திம்மையா சொன்ன வேலைதான் தெரியும். "திருச்சுழி பஸ்ஸுதானம்மா? காலையில போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துரப் போறாரு" என்றார்.

அவ்வளவு நேரம் புருஷனைத் திட்டிக்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்து அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். எல்லாவற்றுக்கும் ஒரு குறை வைத்திருக்கும் திம்மையா, அந்தக் காகிதத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் வாங்கி மடியில் செருகினான். அவனும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.