பதினோரு காற்றாலைகளும் ஒரு லைன்மேனும்

பல் செட் செய்யும் லேபில் அவளுடைய மேசை ஜன்னலோரம் இருந்தது. மேசை நிறைய ப்ளாஸ்டர் அச்சுகள், மெழுகுத் துண்டுகள், நிறவாரியாகப் பிரித்து வைத்த பல் வரிசைகள். ஊரில் பாதிப் பேர் அவள் கைப்பட்ட பல்லில்தான் சிரித்தார்கள். தெருவில் போகிறவர்களின் முகம் அவளுக்கு மறந்துபோகும், கடிக்கிற வாகு மறக்காது. "அவரா, மேல் வரிசை கொஞ்சம் முன்னுக்கு இருக்குமே" என்றுதான் யாரையும் அடையாளம் சொல்வாள்.

முப்பத்தெட்டு வயதில் அவள் பறக்கத் தொடங்கியதற்கும் ஒரு பல் செட்தான் காரணம். ஊருக்கு வெளியே கிளைடர் கிளப் ஒன்று இருந்தது. கிளைடர் என்பது இன்ஜின் இல்லாத விமானம். மைதானத்தின் மறுகோடியில் நிற்கும் வின்ச் என்கிற இழுவை இயந்திரம் நீளக் கயிற்றைச் சரசரவென்று சுருட்டும். பட்டம் ஏறுவதுபோல் கிளைடர் ஏறும். உச்சியில் கயிறு கழன்றுகொள்ளும். அதற்குப் பிறகு காற்று விட்ட வழி. அந்த வின்சை இயக்குபவரின் மேல்வரிசை ஒருநாள் இரண்டாக உடைந்துபோனது. அவர் ரேடியோவில் "நிறுத்து" என்று சொன்னால் மறுமுனையில் உள்ளவர்களுக்கு "இழுத்து" என்று கேட்டது. கிளப்பே பறப்பதை நிறுத்திவிட்டு அவருடைய பல்லுக்காகக் காத்திருந்தது.

சனிக்கிழமை அவளே அதை எடுத்துக்கொண்டு போனாள். அவர் மாட்டிக்கொண்டு ரேடியோவில் "நிறுத்து, நிறுத்து, நிறுத்து" என்று மணிமணியாகச் சொன்னார். மைதானத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் அவளை இரட்டை இருக்கை கிளைடரில் ஏற்றி அனுப்பினார்கள். நாற்பது நிமிடம் கழித்து இறங்கியவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சிரிப்பு வந்தது. காரணம் கேட்டால் இன்னும் வந்தது. வீட்டுக்குப் போய்க் கணவரிடம் ஒரே வாக்கியம்தான் சொன்னாள்: "நான் நாளைக்கும் போறேன்."

கணவர் மின்சார ஆபீஸில் லைன்மேன். இருபது வருடமாகக் கம்பம் ஏறுகிறவர். மழையில், இடியில், எந்தக் கம்பத்தின் உச்சியிலும் பீடத்தில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து வேலை பார்ப்பார். ஆனால் கிளைடர் என்றால் ஒரு அடி பின்னால் வைப்பார்.

"கம்பம் பூமியில நிக்குது. நான் கம்பத்துல நிக்கிறேன். அது எதுல நிக்குது?"

"காத்துலங்க."

"அதான் கேட்டேன்" என்று பேச்சை முடித்துவிடுவார். இப்படியே பதினோரு வருடம் போயிற்று. அவள் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பறந்து, மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் அனுமதியும் வாங்கிவிட்டாள். அவர் மைதானத்து வேலியைத் தாண்டியதில்லை.

மைதானத்துக்கு மேற்கே நீளமாக ஒரு மலைத்தொடர். மேற்கிலிருந்து வரும் மேல்காற்று அதன் அந்தப்பக்கச் சரிவில் மோதி மேலே எழும். அந்த எழுச்சியில் உட்கார்ந்துவிட்டால் முகட்டை ஒட்டியே மணிக்கணக்கில் போய் வரலாம். மலைக்கு இந்தப் பக்கத்தில் அதே காற்று கீழே இறங்கும், ஆளையும் சேர்த்து இறக்கும். அதனால் வீடு திரும்பும்போது முகடு தாழ்ந்திருக்கும் ஓர் இடம் பார்த்துத்தான் கடக்க வேண்டும். தொடரின் நடுவே அப்படி ஒரே ஒரு பள்ளம். கிளப்பில் அதற்கு 'வாசல்' என்று பெயர்.

அந்த முகட்டின்மேல் பதினோரு காற்றாலைகள் வரப்போகின்றன என்று அறிவிப்பு வந்தது. கிளப் மூன்று வாரம் தூங்கவில்லை என்றே சொல்லலாம். விமானங்களை நிறுத்தும் கொட்டகையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு சண்டை. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கியவர் பேக்கரிக்காரர். ரொட்டி மாவைக் குத்துவதுபோல் மேசையைக் குத்திக் குத்திப் பேசுவார். ஆதரவுக்கு இயற்பியல் வாத்தியார். அவர் கையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். இருவருக்கும் நடுவில் கிளப் தலைவர். கோர்ட்டில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் குரல் உயர்ந்தாலும் "முதல்ல டீ குடிப்போம்" என்பார்.

"காத்து என்ன நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார் வாத்தியார்.

"அப்ப கம்பெனிக்காரன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்பார் பேக்கரிக்காரர். "முகட்டுல அம்பது மீட்டர் றெக்கை சுத்தும். நாம எங்க பறக்கறது, அதுக்கு நடுவுல பூந்து பூந்து போறதா?"

"இன்னும் மேல பற."

"காத்து விட்டாத்தானே மேல போறது?"

"முதல்ல டீ குடிப்போம்" என்பார் தலைவர்.

அவளுக்கு உண்மையில் இரண்டு மனது. லேபில் மின்சாரம் போய், பாதி வெந்த பல் செட்டோடு அடுப்பு நின்றுபோன நாட்களை அவள் மறக்கவில்லை. ஆனால் வீட்டில் கணவர் காற்றாலைக்கு ஆதரவாகப் பேசப் பேச, அவளுக்குப் பிடிவாதம் ஏறியது.

"சும்மா போற காத்துல கரண்ட் எடுக்கறாங்க. உனக்கு எங்க வலிக்குது?" என்றார் காலை ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"அது சும்மா போகலைங்க. நான் அதுல போறேன்."

நர்சிங் படிக்கும் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஊர்ல எல்லார் வீட்லயும் எதுக்கெதுக்கோ சண்டை. நம்ம வீட்ல காத்துக்கு."

நான்காவது ஞாயிற்றுக்கிழமை அவள் மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளப்புக்குப் போய்விட்டாள். அதைக் கொடுக்க வந்த கணவர் கொட்டகை வாசலில் நின்று வாக்குவாதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார். வாத்தியாரின் பக்கம் ஆள் குறைவாக இருந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றார்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க" என்றார் பேக்கரிக்காரர். அவளை அக்கா என்று கூப்பிடுபவர், அந்த முறையில் இவர் மாமா. "மேல வந்து பாக்காதவங்க இதுல பேசக்கூடாது. அதான் இங்க வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. அந்த நிமிடம் பேக்கரிக்காரர் உண்டாக்கியது. ஆனால் நாற்பது ஜோடிக் கண்கள் லைன்மேனைப் பார்த்தன. அவர் காது சிவந்தது.

"வரேன். இப்பவே வரேன்."

அவள் பதினோரு வருடம் கெஞ்சிக் கிடைக்காதது ஒரு பொய்வழக்கத்தில் கிடைத்துவிட்டது. அவர் மனம் மாறுவதற்குள் இரட்டை இருக்கை கிளைடரைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். முன் இருக்கையில் அவர், பின்னால் அவள். பெல்ட்டை இறுக்கும்போது அவர் மெதுவாகக் கேட்டார்:

"இதுக்கு ஸ்டெப்னி எங்க இருக்கு?"

"எதுக்குங்க?"

"றெக்கைக்கு."

வின்ச் இழுத்தது. மூக்கு வானத்தைப் பார்த்து நிமிர்ந்தது. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கணவரின் பிடரியும் இரண்டு சிவந்த காதுகளும்தான். முன்னாலிருந்து குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது: "பத்து கம்பம். இருபது கம்பம். முப்பது... போதும்... முப்பத்தஞ்சு." தெரிந்த அளவுகோலால் அளந்துகொண்டிருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. நாற்பதாவது கம்ப உயரத்தில் 'டொக்' என்று கயிறு கழன்றது. சத்தம் அடங்கியது.

"இன்ஜின் நின்னுபோச்சு" என்றார்.

"இன்ஜினே கிடையாதுங்க."

"தெரியும். ஆனாலும் நின்ன மாதிரி இருக்கு."

வெயிலில் சூடேறிய வயல்மேல் காற்று எழுந்துகொண்டிருந்தது. அதில் ஆறேழு வட்டம் அடித்து உயரம் சேர்த்துக்கொண்டு, வாசல் வழியே மலையின் அந்தப் பக்கம் போனாள். மேல்காற்று அடியிலிருந்து தூக்கியது. முகட்டுப் பாறைகள் இறக்கைக்குக் கீழே ஓடத் தொடங்கின. பக்கத்தில் ஒரு பருந்து வந்து, இறக்கை அசைக்காமல், இவர்களை ஒரு பார்வை பார்த்தது. அவர் அதற்குக் கையெடுத்து ஒரு சலாம் வைத்தார்.

பிறகு காதுகள் ஆடின. அழுகிறாரோ என்று பயந்துபோனாள். சிரித்துக்கொண்டிருந்தார். குலுங்கிக் குலுங்கி, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. "ஏம்மா, இது என்னம்மா இது" என்பதற்கு மேல் பேச்சு வரவில்லை. அவளுக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தொடரின் கோடி வரை போய்த் திரும்பினார்கள்.

திரும்பி வரும்போது சிரிப்பு சட்டென்று நின்றது. "கொஞ்சம் இரு" என்றார், வேலைக் குரலில். "அதோ ஆத்தோரம் தெரியுதே, அது எங்க சப்ஸ்டேஷன். பதினோரு காத்தாடியில வர்ற கரண்ட் அங்கதான் வந்து சேரணும். எப்படி வரும்?"

"கம்பியிலதான் வரும்."

"எந்த வழியா? இந்தப் பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. கோபுரம் நட்டுக் கம்பி இறக்கத் தோதா இருக்கறது ஒரே இடம். நான் போட்டாலும் அங்கதான் போடுவேன்." கையை நீட்டினார். "அந்தப் பள்ளம். நாம உள்ள வந்தோமே, அது."

ஸ்டிக் என்கிற திருப்புகோலைப் பிடித்தபடியே அவள் அந்தப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். காற்றாலை தூரத்திலிருந்தே தெரியும், ஒதுங்கிப் போய்விடலாம். கம்பி மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தெரியும்போது நேரம் இருக்காது. வாசலுக்குக் குறுக்கே கம்பி. மூன்று வாரம் மேசையைக் குத்திக் குத்திப் பேசியதில் ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

இறங்கி நின்றதும் அவர் காக்பிட்டை விட்டு வெளியே வந்து, இரண்டு எட்டு வைத்து, புல்லில் உட்கார்ந்துவிட்டார். கிளப் முழுக்கச் சுற்றி நின்றது.

"மாமா, இப்ப சொல்லுங்க" என்றார் பேக்கரிக்காரர், ஜெயித்துவிட்ட தோரணையில்.

"காத்தாடி வரட்டும்" என்றார் லைன்மேன். வாத்தியார் முகம் மலர்ந்தது. "கம்பிதான் வரக்கூடாது."

வாத்தியாரிடமிருந்து சாக்பீஸை வாங்கி, கொட்டகைத் தரையில் மலையை, பள்ளத்தை, சப்ஸ்டேஷனைப் போட்டு, நடுவில் ஒரு கோடு இழுத்தார். பேக்கரிக்காரர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்தார். வாத்தியார் பக்கத்தில் குந்தினார். டீ என்ற பேச்சைத் தலைவர்கூட எடுக்கவில்லை.

அடுத்த இரண்டு ஞாயிறும் லைன்மேன் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மலையேறினார். வாசலில் மேலிருந்து கீழ்வரை எட்டு இடத்தில் குழி தோண்டினார். மண் எடுத்துவர டப்பா கேட்டபோது அவள் லேபிலிருந்து பல் செட் வைக்கும் டப்பாக்களைக் கொடுத்தாள்.

ஊர் மண்டபத்தில் கம்பெனி கருத்துக் கேட்டபோது வந்திருந்த இன்ஜினியர் சின்ன வயதுப் பெண். வரைபடத்தை விரித்தார். வாசலின் நடுவே சிவப்புப் புள்ளிக்கோடு, கொட்டகைத் தரையில் போட்ட அதே இடத்தில். கிளப் சார்பில் அவள் எழுந்து, எந்தப் பக்கமிருந்து வருவோம், எவ்வளவு உயரத்தில் கடப்போம், ஏன் வேறு வழி இல்லை என்று நிதானமாகச் சொன்னாள். கணவர் எழுந்து, கம்பியைப் புதைத்துக் கொண்டுபோகலாமே என்றார்.

"யோசிச்சோம் சார். எல்லாம் பாறை. தோண்ட முடியாது."

லைன்மேன் எட்டு டப்பாக்களையும் வரிசையாக மேசையில் வைத்தார். இன்ஜினியர் தயங்கித் தயங்கி முதல் டப்பாவைத் திறந்தார். உள்ளே பல் இருக்கும் என்றுதான் நினைத்திருக்க வேண்டும். மண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"முகடுதான்மா பாறை. பள்ளத்துல ஆளுயரத்துக்கு மண்ணு."

"உங்களுக்கு எப்படி சார் சந்தேகம் வந்துச்சு?"

"அங்க மட்டும் புதர் பச்சையா இருந்துச்சு. மேல இருந்து பாத்தேன்" என்றார். அந்த 'மேல இருந்து' என்பதை அவர் சொன்ன அழகில் அவளுக்குச் சிரிப்பு முட்டியது. குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினாள்.

நாலு மாதம் இழுத்தடித்துத் தீர்மானமாயிற்று. கம்பி பூமிக்கடியில் போகும். வாசலுக்கு இருபுறமும் வரவேண்டிய ஆறாவதும் ஏழாவதும் வராது. மற்ற ஒன்பதும் வரும். பேக்கரிக்காரருக்கு ஒன்றுகூட வரக்கூடாது. கோபித்துக்கொண்டு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். எட்டு நாள் கழித்து அருமையான மேல்காற்று அடித்தது. காலை ஏழு மணிக்கே கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார். தலைவர் கடிதத்தை எங்கோ கைமறதியாக வைத்துவிட்டதாகச் சொன்னார். வாத்தியாருக்கும் முழு வெற்றி இல்லை. காற்றாலைகள் சுற்றத் தொடங்கியபின், முகட்டை உரசிக்கொண்டு பறந்த காலம் போயிற்று. காற்று மெலிந்த நாட்களில் சீக்கிரமே இறங்க வேண்டியிருந்தது. அவற்றுக்குப் பின்பக்கம் போனால் பல் ஆடுகிற அளவுக்குக் குலுக்கியது. "கொஞ்சம் குலுக்கத்தான் செய்யுது" என்று வாத்தியாரே ஒப்புக்கொண்டார். அவளுக்கும் அந்தப் பழைய தாழ்வான ஓட்டத்தை நினைத்தால் ஏக்கமாகத்தான் இருந்தது. ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. வீட்டில் ஒருவர் பறக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

ஐம்பத்து மூன்று வயதில், பேக்கரிக்காரரையே ஆசிரியராக வைத்துக்கொண்டு. "மாமா, அது ஏணி இல்ல, ஸ்டிக். ரெண்டு விரலால பிடிங்க" என்று எழுபது தடவையாவது சொல்லியிருப்பார் பேக்கரிக்காரர். எழுபத்து மூன்றாவது தடவை பறக்கத் தயாரானபோது பின்னிருக்கையிலிருந்து இறங்கி, "நீங்களே போய்ட்டு வாங்க" என்றார்.

கிளைடர் நகரும்போது இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஒருவர் ஓட வேண்டும். அவள்தான் பிடித்தாள். கயிறு இறுகியது. அவள் ஓடினாள், இறக்கை அவள் கையை விட்டு முந்தியது, கால் தடுக்கிப் புல்லில் குப்புற விழுந்தாள். மூக்கில் மண். எழுந்திருக்கத் தோன்றவில்லை. புரண்டு மல்லாந்து படுத்துப் பார்த்தாள். அவர் ஏறிக்கொண்டிருந்தார், கோணல்மாணலாக, ஆனால் ஏறிக்கொண்டிருந்தார். அவள் சிரித்த சிரிப்பு வின்ச் முனைவரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

பன்னிரண்டு நிமிடம் கழித்து இறங்கி, இரண்டு குதி குதித்து, உருண்டுபோய் வேலியோரம் நின்றது கிளைடர். அவள் ஓடிப்போய்க் கண்ணாடி மூடியைத் திறந்தாள். அவர் பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிங்க இருந்துச்சு?"

"நீ முன்னால இல்லாம பாரமே காணோம்" என்றார். பிறகு யோசித்து, "இல்ல, நீ பின்னாலதானே உக்காருவே" என்றார். பிறகு சிரித்தார்.

அங்கிருந்து கொட்டகைவரை கிளைடரைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். ஒரு இறக்கையை அவர் பிடித்தார், மறு இறக்கையை அவள். நேராகத் தள்ளத் தெரியாமல் அது மைதானத்தில் வளைந்து வளைந்து வந்தது. நீதான் இழுக்கறே என்று அவரும், நீங்கதான் இழுக்கறீங்க என்று அவளும் சொல்லிக்கொண்டே வந்தார்கள்.