கிடாவின் உரிமையாளர் முனீஸ்வரன்

இன்று காலை மலேசியாவில் எங்கள் ஊர் சுங்காயில், தோட்டத்து மண்டபத்தில், கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்களின் இலவச முகாம். நான் பூனையோடு போயிருந்தேன். எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுச் செல்வம் அண்ணன், நொண்டும் கிடாவோடு.

பதிவு மேசையில் இருந்த மலாய் மாணவி உரிமையாளர் பெயர் கேட்டார்.

அண்ணன் யோசிக்காமல், "முனீஸ்வரன்" என்றார்.

"ஏண்ணே, உங்க பேரைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"கோயிலுக்கு நேந்து விட்டாச்சுலா. இனிமே என்னுதுன்னு எழுதுனா சாமி குத்தம் ஆயிடும்."

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் "என்சிக் முனீஸ்வரன்", அதாவது திரு. முனீஸ்வரன், என்று மலாயில் மூன்று முறை அழைத்தார்கள். வரிசையில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

குளம்பில் இருந்த முள்ளை எடுத்துவிட்டார்கள். கிடா நன்றாக நடக்கிறது.

ஆனால் அடுத்த வாரம் உரிமையாளர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். பூசாரியிடம் கேட்டிருக்கிறோம். உங்களுக்கு ஏதாவது யோசனை இருந்தாலும் சொல்லுங்கள்.