பூச்சாறு கிரீமும் தொண்டை செருமும் மேடமும்

பூவைப் பிழிந்து டப்பாவில் அடைத்துவிடலாம்; அதை வாங்கியவர் போனில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நாய்ப் பிழைப்பு. காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வசவு வாங்கும் சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா?

மேடம் பிறந்த கதை

பிளஸ் டூ முடித்ததும் மண்ணூர்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு மேல்மாடியில் வேலை கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் காய்ந்த சருமத்துக்கு ரோஜா, சாமந்தி, செம்பருத்திச் சாறு கலந்த கிரீம் விற்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் வாடிக்கையாளர்கள் மாதிரியும் மேனேஜர் மாதிரியும் பேசிக் காட்டுவேன். ஒருநாள் அவரே பின்னால் நின்று கேட்டுவிட்டார். சீட்டு கிழிந்தது என்று நினைத்தேன். அவரோ 'சரும ஆலோசகர்' என்று ஒரு புது லைனை இந்த வாலுப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டார். ஐம்பது வயசுக் குரல் வேண்டுமாம். எங்கள் பள்ளிக்கூட ஹெச்.எம். குரலை எடுத்தேன்: முதலில் ஒரு செருமல், பிறகு நிறுத்தி நிறுத்திப் பேச்சு. ஆவடி குவார்ட்டர்ஸ் அம்மா ஒருவர் முதல் நாளே உருகினார்: "உங்க குரலைக் கேட்டதுமே பாதி அரிப்பு போயிடுச்சு மேடம்!"

குதிகால்

அம்பத்தூரில் ஒரு பேக்கரி அடுப்படியில் நிற்கும் பெண். திடீர் திடீரென்று உடம்பு தீயாய்ச் சுடுகிறது, தூக்கமில்லை, முகம் தோல் தோலாக உரிகிறது. கிரீமை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று அதட்டினேன். "எங்க மேடம்? ஊட்டுக்காரரு எடுத்து வெடிச்ச குதிகாலுக்குப் பூசிக்கினாரு. இப்ப ஊட்லயே அது ஒண்ணுதான் பளபளன்னு கீது."

நாலு டப்பா

திருமுல்லைவாயில் அமுதா அக்கா சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். "மேடம், நின்னு ரெண்டு வருசம் ஆச்சு. உங்க கிரீம் போட்டதுலேர்ந்து மறுபடியும் வருது! வயசு திரும்பிடுச்சு. இன்னும் நாலு டப்பா அனுப்புங்க." நானும் சிரித்தேன். பேக்கிங் வசந்தா அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த டேப்பை வைத்துவிட்டு வந்து என் காதில் சொன்னார்: "எங்க அக்காவுக்கும் இப்டிதான் ஆரம்பிச்சுது. அது இப்ப இல்ல." எதிரே மேனேஜர் கட்டைவிரலைத் தூக்கி, ரெக்கார்ட் பண்ணு என்று சைகை காட்டினார்.

செருமினேன். "அமுதா, நின்னுபோனப்புறம் ரத்தம் வரக் கூடாது. இது கிரீம் வேலை இல்ல. டப்பா கிடையாது. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போகணும். போயிட்டு எனக்குச் சொல்லணும்." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். மேனேஜர் தலையில் கை வைத்தார்: "நல்ல ரிவ்யூவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டியே, பாவி!"

வார்டிலிருந்து

அமுதா அக்கா சொன்னபடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். கர்ப்பப்பையில் புற்று. ஆபரேஷன் அன்று காலை வார்டிலிருந்து கூப்பிட்டார். "கர்ப்பப்பையை எடுத்துப் பாத்துட்டுதான் எவ்ளோ பரவிக்கீதுன்னு சொல்வாங்களாம். ஊட்ல எல்லாரும் அழுதுகினு கீறாங்க. நீங்க ஒரு அதட்டு போடுங்க மேடம், தைரியமா உள்ள போறேன்." செருமினேன். மறுபடியும் செருமினேன். "ஒண்ணும் ஆகாது, போயிட்டு வாங்க" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அமுதா அக்கா கேட்டார்: "இன்னா மேடம், உங்க குரல் இன்னிக்குச் சின்னப் பொண்ணு மாதிரி கீது?"

அவரிடமிருந்து அடுத்த போன் இன்னும் வரவில்லை. மணி அடிக்கும்போதெல்லாம் செருமிக்கொண்டே எடுக்கிறேன், யாராவது கிரீம் என்ன விலை என்று கேட்கிறார்கள்.