கொப்புளத்தோடு குற்றாலம் போகிறவர்களுக்கு

சாரல் தொடங்கிவிட்டது, குற்றாலத்துக்கு எப்படிப் போகலாம் என்று பலர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் தோல் நோயாளி யாரையாவது கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் முதலில் இதைப் படியுங்கள். போன ஜூலையில் நாங்கள் அப்படித்தான் கிளம்பினோம்.

என் கணவர் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர், ஆலங்குளத்துக்காரர். ஒன்றரை வருடமாக உடம்பெல்லாம் கொப்புளம். தோலின் மேலடுக்கைக் கீழடுக்கோடு ஒட்டி வைத்திருக்கும் பசையை அவருடைய எதிர்ப்புச் சக்தியே தாக்குகிறது என்றார் சென்னை டாக்டர். எல்லோர் தோலிலும் பாக்டீரியா குடியிருக்கிறதாம். பல வகை கலந்திருந்தால் தொல்லையில்லை. இந்த நோயில் நல்ல வகைகள் குறைந்து, ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற ஒன்று பெருகிவிடுகிறது, கொப்புளம் இல்லாத இடத்தில்கூட. அது நோயைக் கிளறுகிறதா, நோயால் அது பெருகுகிறதா என்று இன்னும் முடிவாகத் தெரியவில்லை. "எதுவானாலும் தேய்க்காதீங்க, தோல் உரிய விடாதீங்க" என்றார் டாக்டர்.

எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரையில் கொப்புளம் அடங்கி முதுகில் புதுத் தோல் வந்தது. அதைக் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தவர் குற்றாலம் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். "தண்ணிக்குள்ள போவமாட்டேன். சாரல்ல உக்காந்துட்டு வந்துருதேன்" என்றார். பாவமாக இருந்தது, சரி என்றேன்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்து கிலோமீட்டர்தான். பஸ் நிறைய உண்டு, நாங்கள் ஆட்டோ பிடித்தோம். "தண்ணி நல்லா விழுது அண்ணாச்சி" என்று ஆட்டோக்காரர் சொன்னதும் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அதைப் பார்த்தே எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் கொழுந்தன் ஆலங்குளத்திலிருந்து வந்து காத்திருந்தான்.

மெயின் அருவியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பக்கம். நம் ஆள் நம் கண்ணில் படமாட்டார், இதை மறக்காதீர்கள். "நீ போயி குளிச்சிட்டு வா, நாங்க இங்கனதான் இருப்போம்" என்றார். கொழுந்தனைக் காவல் வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோது இருவரும் அங்கே இல்லை. கூட்டத்தில் தேடிப் பிடித்தபோது அவர் தலை முதல் கால் வரை நனைந்து, சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றார். முதுகைத் திருப்பிப் பார்த்தேன். புதுத் தோல் வெந்த உருளைக்கிழங்கின் தோல்போல் சுருண்டிருந்தது. அருவியில் நிற்பதற்கு முன்னால் எண்ணெய் தேய்க்கிறவரிடம் உட்கார வைத்து அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள்.

"எண்ணெ வைக்காம நின்னா காச்சல் வந்துரும்லா மைனி" என்றான் கொழுந்தன். "மூலிகைத் தண்ணிதான, கிருமியெல்லாம் செத்துரும்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்லுதாக."

அந்த எல்லாரும் கையில் கிடைத்தால் அன்றைக்கு அறைந்திருப்பேன்.

"அவனத் திட்டாத. நாந்தான் கேட்டேன்" என்றார் இவர்.

இரண்டாம் நாள் காய்ச்சல். தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டரம்மா முதுகுப் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தமும் எடுத்தார்கள். இரண்டிலும் அதே ஸ்டெஃபைலோகாக்கஸ். உரிந்த இடம் வழியாக உள்ளே போய்விட்டது. கொப்புளத்துக்கான மாத்திரையைக் கூட்டினால் கிருமி மிஞ்சும், குறைத்தால் கொப்புளம் மிஞ்சும். "ரெண்டு பக்கமும் வழி அடைச்சிருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. கொழுந்தன் வராந்தாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். அவனைத் திட்ட எனக்குத் தெம்பில்லை.

ஆகவே, நண்பர்களே, வார நாளில் போங்கள், கூட்டம் குறைவு. குடை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் கூடினால் போலீஸ் அருவியை மூடிவிடும், ஏமாற்றத்துக்குத் தயாராக இருங்கள். கொப்புளம் உள்ள ஆளை மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அவர் எத்தனை சத்தியம் செய்தாலும் அழைத்துப் போகாதீர்கள்.

கடைசியாக நினைவோடு பேசியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசினார். "அடுத்த சீசனுக்கு எண்ணெ வைக்காம நிக்கேன். கூட்டிட்டு வருவியா?"

வருவேன் என்று சொன்னேன். இதுதான் அந்த அடுத்த சீசன்.