புதுக் கொட்டகையில் பொன்னியின் ஆட்டம்

"உம் பொண்ணு திண்டிவனத்துல ஆட்டம் ஆடறாளாமே, தெரியுமா? புதுசா கொட்டாய் கட்டி ஊரெல்லாம் நோட்டீசு ஒட்டிக்கீறாங்க."

வண்டிக்கார நடராசன் இதைச் சொன்னபோது மண்ணாங்கட்டி கெடார் கிராமத்து மேட்டுக்காட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார். பிடுங்கிய கொத்து கையிலேயே நின்றுவிட்டது.

"ஆட்டம்னா?"

"ஆட்டம்னா ஆட்டந்தான். வயசுப் பொண்ணுங்க. சனங்க சுத்தி குந்திக்கினு பாக்கப்போறாங்க. விழுப்புரம் ரயில்வே காலனியில இருந்து சட்டைக்காரப் பொண்ணுங்களும் வருதாம்."

சட்டைக்காரர் என்று ஊரில் சொல்வது ஆங்கிலோ இந்தியர்களை. ஆட்டம் என்றால் மண்ணாங்கட்டிக்குத் தெரிந்தது கூத்தும் கரகமும்தான். அதில் ஆடுகிற பெண்களைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பதும் தெரியும்.

அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் போகட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பெயர்தான் மண்ணாங்கட்டி. பண்ணையார் துரைக்கண்ணுவின் நிலத்தில் அவர் பரம்பரைப் படியாள். குடியிருந்த குடிசையும் பண்ணையாருடைய மனையில்தான். படியாளின் பிள்ளையும் பண்ணைக்குத்தான் என்பது அங்கே எழுதாத சட்டம். அதனால்தான் மிஷன்காரர்கள் மருந்துப் பெட்டியோடு ஊருக்கு வந்த வருஷம் அவர் மனைவி பூமாலை, சிறுமியாக இருந்த பொன்னியை யாரிடமும் சொல்லாமல் அவர்களோடு அனுப்பிவைத்தாள். ஆண்டை கேட்டபோது, "புதுச்சேரியில அத்த வூட்ல கீறா ஆண்ட" என்று மண்ணாங்கட்டி சொல்லிவைத்தார். பிள்ளை படித்துக்கொண்டே போனாள். இப்போது திண்டிவனத்தில் பெண்களுக்கான டிரெயினிங் காலேஜில் வாத்தியார் வேலைக்குப் படிக்கிறாள் என்றுதான் அவர் நம்பியிருந்தார். ஊரில் இது தெரிந்தவன் மண்டிக்கு வண்டி ஓட்டும் நடராசன் மட்டும்.

"இழுத்துக்கினு வந்துடறேன். படிச்சது போதும்" என்று குடிசையில் குதித்தார்.

பூமாலை அடுப்பை ஊதுவதை நிறுத்தவில்லை. "போய் கண்ணால பாரு. பாத்துட்டு அப்பறம் கைய ஓங்கு."

நடராசனின் வண்டி மல்லாட்டை மூட்டைகளோடு திண்டிவனம் மண்டிக்குக் கிளம்பியபோது மண்ணாங்கட்டி மூட்டை மேல் ஏறிக்கொண்டார்.

காலேஜ் வளாகத்தில் அந்தக் கொட்டகையைப் பார்த்ததும் முதலில் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பனங்கால்கள் நட்டுத் தகரம் வேய்ந்திருந்தது, சுவர் கிடையாது. மேடை எங்கே? மத்தளக்காரன் எங்கே? நடுவில் களத்துமேடு போலப் பரந்த சிமெண்டுத் தரை. அதன் இரண்டு முனையிலும் ஒரு கம்பம், கம்பத்தில் ஒரு பலகை, பலகையில் ஓர் இரும்பு வளையம். வளையத்திலிருந்து அடியில்லாத வலை ஒன்று தொங்கியது. இரண்டு பக்கமும் ஜனங்கள் உட்காரப் படிப்படியாகக் கட்டியிருந்தார்கள். தெருக்காரர், கடைக்காரர், வக்கீல் குமாஸ்தா, மாதா கோயில் கிழவிகள் என்று எல்லாரும் ஒரே படிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர் பனங்காலின் மறைவில் நின்றார். ஊதல் ஒன்றைக் கழுத்தில் மாட்டியிருந்த ஓர் அம்மாள் கடந்துபோனவள் திரும்பி, "ஏன் நிக்கிறீங்க? படியில போய் உக்காருங்க" என்றாள். அவள்தான் விளையாட்டு கற்றுக்கொடுக்கும் லூர்துமேரி டீச்சர்.

மண்ணாங்கட்டி பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. 'நிக்கிறீங்க' என்றது அவரைத்தான். பிறந்ததிலிருந்து 'டா' தவிர வேறொன்றும் கேட்டறியாத காது அது. கால் தானாகப் போய்ப் படியில் உட்கார்ந்தது.

ஊதல் சத்தம் கேட்டது. பெண்கள் ஓடிவந்தார்கள். விழுப்புரத்துப் பெண்களின் கவுன் முழங்காலுக்கு மேலே நின்றதைப் பார்த்து அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்தபோது எதிரே பொன்னி நின்றிருந்தாள். தொளதொளவென்று முழங்காலுக்குக் கீழே இறங்கிய பாவாடை, வெள்ளைச் சட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு சிவப்பு நாடா. எல்லாரையும்விட ஒரு தலை உயரம். கெடாரில் யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் கவலைப்பட்ட அதே உயரம்.

லூர்துமேரி டீச்சர் ஒரு பெரிய பந்தை மேலே எறிந்தாள். பொன்னி எழும்பினாள். மகளின் இரண்டு காலும் தரையை விட்டுப் போனதைக் கண்டு மண்ணாங்கட்டி வாய்விட்டு "ஐயோ" என்றார்.

பக்கத்தில் இருந்த காலேஜ் காவல்காரர் தேவசகாயம் சிரித்தார். "பயப்படாதபா. பந்த அந்த வளையத்துல போடணும், அவ்ளோதான் ஆட்டம். தை மாசம் மதராஸ்ல பெரிய பந்தயம் வருது. அதுக்கு முன்னாடி கை பழகிக்க இது ஒரு வெள்ளோட்டம். கொட்டாயும் புதுசு, ஆளுங்களும் புதுசு."

இதுவா ஆட்டம்? கொலுசும் இல்லை, சலங்கையும் இல்லை. பந்து தரையில் அடிபடும் சத்தம் தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. பெண்கள் ஓடினார்கள், தட்டிப் பறித்தார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். பொன்னி பந்தை வளையத்துக்குள் போட்டபோதெல்லாம் படிகள் அதிர்ந்தன. மண்ணாங்கட்டிக்கு இழுத்துப்போக வந்ததே மறந்துவிட்டது.

"போடு புள்ள! வுடாத, போடு!"

பக்கத்தில் யாரோ தொண்டை கிழியக் கத்தினார்கள். திரும்பிப் பார்த்தார். ஒரு முழத் தூரத்தில், அதே படியில், அவருடைய ஆண்டை துரைக்கண்ணு உட்கார்ந்திருந்தார். கொட்டகைக்குப் பனைமரம் கொடுத்தவர் என்று அழைத்திருக்கிறார்கள். மண்டிக்குப் போய்வந்ததில் நேரமாகி, நாற்காலி கிடைக்காமல், இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். கண்ணெல்லாம் பந்து மேலேயே இருந்ததால் பக்கத்தில் யார் என்று பார்க்கவில்லை. அவர் புகழ்ந்து கத்தியது பொன்னியைத்தான். அவள் யார் என்று தெரியாமல்.

எழுந்தால் பார்த்துவிடுவார். ஆண்டைக்குச் சமமாக உட்கார்ந்தால் பாவம். மண்ணாங்கட்டி மூச்சை அடக்கிக்கொண்டு ஒடுங்கினார்.

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. பொன்னி பந்தோடு திரும்ப, அவள் முழங்கை விழுப்புரத்துப் பெண் ஒருத்தியின் மூக்கில் இடித்தது. அந்தப் பெண் மல்லாந்து விழுந்தாள். வெள்ளைச் சட்டையில் ரத்தம் சொட்டியது. ஊதல் ஊதியது. எதிர்ப்பக்கம் படியிலிருந்து தொப்பி போட்ட ஒரு சட்டைக்காரர் எழுந்து ஓடிவந்தார்.

மண்ணாங்கட்டிக்கு அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை. போலீஸ், சவுக்கு, ஜெயில் என்று என்னென்னவோ கண்ணில் ஓடியது. படிகளைத் தாண்டிக் களத்துக்குள் பாய்ந்தார். தொப்பிக்காரரின் பூட்ஸ் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"துரை, தெரியாம பண்ணிட்டா! எம் பொண்ணு துரை! என்ன அடிங்க, அவள வுட்டுடுங்க!"

கொட்டகை முழுவதும் அடங்கிப்போயிற்று. தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

அந்தத் தொப்பிக்காரர் பெரைரா, அடிபட்ட பெண்ணின் அப்பா, விழுப்புரம் ரயில்வே ஷெட்டில் எஞ்சின் டிரைவர். அவரும் வெலவெலத்துப் போனார். "எந்திரி மேன்! என்ன மேன் இது? கேம்ல அடி படும். எந்திரி, ப்ளீஸ்!" என்று காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார்.

பொன்னி வந்து அப்பாவின் தோளைப் பிடித்தாள். ஊர் பார்க்க அவர் தரையில் கிடந்ததை அவளால் தாங்க முடியவில்லை.

"எழுந்திருப்பா. அவங்க இடிச்சி நானும் இதுவரைக்கும் நாலஞ்சு வாட்டி விழுந்தேன். அப்ப அவங்க அப்பா யாரு கால்ல விழுந்தாரு?"

அந்தக் கேள்வி மண்ணாங்கட்டியின் மண்டையில் அடித்தது. அவர் எழுந்து நின்றார். மூக்கைத் துணியால் பிடித்துக்கொண்டிருந்த பெண் பொன்னியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டாள். பெரைரா அவரைத் தன் பக்கத்துப் படிக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். தான் விழுப்புரம் ஷெட்டில் எஞ்சின் ஓட்டுவதையும் சொன்னார்.

திண்டிவனம் ஜெயித்தது. கூட்டம் கலைந்து வெளியே வந்தபோது, வண்டிகள் நிற்கும் இடத்தில் துரைக்கண்ணு காத்திருந்தார்.

"ஏன்டா, அந்த நெட்டச்சி உம் பொண்ணா?"

"ஆமாங்க ஆண்ட."

"புதுச்சேரியில கீறான்னியே! நா வேற அவளுக்குக் கைதட்டிட்டேன்டா, அத்தினி பேர் பாக்க!" அவர் குரலில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. பிறகு கோபம் வந்து சேர்ந்தது. "மல்லாட்ட புடுங்க ஆளில்லாம காடு காயுது. இவ்ளோ வளத்திப் பொண்ண ஒளிச்சி வச்சிக்கினு கீறியா? ஏத்து வண்டியில. காலைல காட்டுக்கு வரணும்."

மண்ணாங்கட்டி வந்ததே அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகத்தான். நடராசன் மாட்டைப் பூட்டித் தயாராக நின்றான்.

"அனுப்ப மாட்டேங்க" என்றது ஒரு குரல்.

யார் சொன்னது என்று நடராசன் சுற்றிப் பார்த்தான். மண்ணாங்கட்டியும் பார்த்தார். துரைக்கண்ணு வாய் திறந்தபடி நின்றார். சொன்னது தான்தான் என்று மண்ணாங்கட்டிக்கு மெல்லப் புரிந்தது. ஆனாலும் சொன்னதை அவர் திரும்ப வாங்கவில்லை. ஆண்டை தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஆண்டைக்குப் பயந்து நடராசனும் மண்ணாங்கட்டியை ஏற்றிக்கொள்ளவில்லை.

கெடாருக்கு அவர் நடந்தே போய்ச் சேர்ந்தபோது குடிசைக் கூரை பிரிக்கப்பட்டிருந்தது. பூமாலை சட்டி பானையோடு வேப்பமரத்தடியில் இருந்தாள். "என்னய்யா பண்ணிட்டு வந்த?" என்றாள். அவர் சொன்னார். அவள் நம்பவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்புறம் பானைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "வா, ஜல்தியா போவலாம்" என்றாள்.

போக்கிடம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். மண்ணாங்கட்டி விழுப்புரம் ஷெட்டின் வாசலில் நின்று டிரைவர் பெரைராவை விசாரித்தார். பெரைரா மேஸ்திரியிடம் சொல்லி எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். அந்த வேலையிலேயே பிறகு வந்த உலக யுத்தக் காலமெல்லாம் கழிந்தது. பொன்னி பிறகு விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை என்ற ஊரில் வாத்தியாரம்மா ஆனாள். கெடார் பக்கம் மண்ணாங்கட்டி திரும்பவே இல்லை.

ஆனால் அந்த வருஷத் தை மாசத்தைச் சொல்லியே ஆகவேண்டும். பொன்னியின் கூட்டம் மதராஸ் பந்தயம் முடிந்து ரயிலில் வந்தது. திண்டிவனத்தில் மற்றவர்கள் இறங்கிக்கொள்ள, அவள் மட்டும் பெற்றவர்களைப் பார்க்க விழுப்புரம் வரை வந்தாள். மண்ணாங்கட்டி கரிக் கையைத் துடைத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்கு ஓடினார். மகளின் மேலுதடு கோவைப்பழம் போல வீங்கியிருந்தது.

"யாருடி அடிச்சது?"

"யாரும் அடிக்கல. பந்து பட்டுச்சி."

"சரி, ஜெயிச்சீங்கல்ல?"

"தோத்துட்டோம்பா. ரெண்டாவது ஆட்டத்துலயே."

எஞ்சின் புகை விட்டுக்கொண்டு கிளம்பியது. மண்ணாங்கட்டி அவள் பையை வாங்கிக்கொண்டார். அவள் தோற்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.