விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம்

வீட்டுக்கே போய்க் கார் பார்க்கிற தொழிலில் முதலில் வண்டியைப் பார்க்கக் கூடாது, வண்டிக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரியுமே, அதனோடு குடித்தனம் நடத்துகிறவர்களின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கடன்காரன் வாசலில் நிற்கிறான், ஆனால் கதவைத் தட்டவில்லை என்பது மாதிரி ஒரு முகம். உங்களுக்கும் அந்த முகம் இருந்தால் வெட்கப்படாதீர்கள். நாம் நிறையப் பேர் இருக்கிறோம்.

என் வீடு அம்பத்தூரில். ஒரு பை, அதில் நாலு ஸ்பேனர், உள்ளங்கை அளவு ஒரு ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் அதைச் செருகினால், வண்டி தன் வியாதியை என் போனில் சொல்லிவிடும்.

கறுப்பு டேப்

ஆவடியில் டிபன் கடை வைத்திருக்கும் ஒருவர், விளக்கு அணைந்துவிட்டது, ஆனால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் விளக்கின் மேல் கச்சிதமாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. பிய்த்து எடுத்தேன். உள்ளே அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாக எரிகிறதோ, அதற்கே தெரியாது. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "கண்ணுல படலன்னா நிம்மதியா கீறேன் அண்ணாத்தே, நீ ஏன் அத்த பிய்ச்ச?" என்றார்.

அட்டை

சிரித்தேனே ஒழிய, நானும் அதே ஜாதிதான். போனில் 'அழி' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் இரண்டு விநாடியில் விளக்கு அணையும். கூடவே, விளக்கு ஏன் வந்தது, எப்போது வந்தது என்று வண்டி சேர்த்து வைத்திருந்த கணக்கெல்லாம் போய்விடும். வாடிக்கையாளருக்கு விளக்கு அணைந்தால் சந்தோஷம், அதனால் எனக்கும் சந்தோஷம். பட்டனை அமுக்கிவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பிப்பேன்.

பூந்தமல்லியில் பட்டறை வைத்திருக்கும் ரஹீம் பாய் என் கூட்டாளி. கழற்றி மாட்டுகிற வேலை வந்தால் அவரிடம்தான் அனுப்புவேன். அவர் வண்டி சொல்கிற ஒவ்வொரு வரியையும் ஒரு கிழிந்த அட்டையில் எழுதிக்கொண்ட பிறகுதான் அழிப்பார். நான் கேலி செய்வேன். ஒருநாள் அவர் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னார்: "வண்டி ஒரு வாட்டிதான் சொல்லும் மாமே. நீ அழிச்சிட்டினா அத்த திருப்பிக் கேக்க முடியாது."

இணைந்தது

பாரிவாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கூப்பிட்டவர் பெயர் சுகந்தி. விருதுநகர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கணவர் பிரபாகர் இறந்து எட்டு மாதம். அவருடைய வெள்ளைக் காரை விற்க வேண்டும், விளக்கு எரிவதால் வாங்க வருகிறவர்கள் தயங்குகிறார்கள் என்றார். சுகந்திக்குக் கார் ஓட்டத் தெரியாது. பேட்டரி செத்துவிடாமல் இருக்க ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் செய்து அணைப்பாராம். அந்த வாட்ச்மேன் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார். பகல் பதினொரு மணி. எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது.

உள்ளே உட்கார்ந்தால் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் அவ்வளவு பின்னால் தள்ளியிருந்தது. எட்டி ஸ்கேனரைச் செருகிச் சாவியைத் திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. நடுவில் இருந்த திரையும் எரிந்தது. பிறகு ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் போன் இணைந்துவிட்டதாகச் சொன்னது. இணைந்தது என் போன் இல்லை, அது ஸ்கேனரோடு பேசிக்கொண்டிருந்தது. திரையில் 'பிரபா' என்று பெயர் வந்தது. அதன் கீழே கடைசியாகப் பேசிய அழைப்பு: 'சுகி', வெளியே போகிற அம்புக்குறியோடு. சொன்னால் நம்புங்கள், அந்த வண்டிக்குள் ஒருவர் போனை எடுத்துக் காதில் வைக்கப் போகிறார் என்றே எனக்குப் பட்டது. என் போனில் வந்ததில் ஒரு பக்கமும் படிக்காமல் 'அழி' பட்டனை அமுக்கினேன். விளக்கு அணைந்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துதான் மூச்சே விட்டேன்.

வாசலில் நின்ற சுகந்தி என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். தலைக்கு மேலே, முதல் மாடியில் திறந்திருந்த ஜன்னலைக் காட்டினார். "அவர் போன் அந்த ரூம்லதான்ணே இருக்கு. நான் தினமும் சார்ஜ்ல போட்டு வைக்கேன்" என்றார்.

பதினாலு

மூன்று வாரம் கழித்து சுகந்தி மறுபடி கூப்பிட்டார். விளக்கு திரும்ப வந்துவிட்டது. வரத்தானே செய்யும்? நான் அழித்தேனே தவிர எதையும் சரி செய்யவில்லை. இந்த முறை ஒழுங்காகப் படித்தேன். புகைக்குழாயில் இருக்கும் ஒரு சென்சார் செத்துப் போயிருந்தது. நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்தாலும் விளக்கு வந்துவிடும் வகை. சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் வேறொன்று கேட்க வேண்டும் என்றார்.

இறந்த அன்று பிரபாகர் குத்தம்பாக்கம் புது பஸ் நிலையம் பக்கம் ஒரு வேலையாகப் போயிருக்கிறார். சுகந்தி மீட்டிங்கில் இருந்தபோது அவரிடமிருந்து போன். கட் செய்துவிட்டு 'மீட்டிங்' என்று மட்டும் அனுப்பினாராம். அரைமணி கழித்து அதே எண்ணிலிருந்து வேறு யாரோ பேசியிருக்கிறார்கள். ரோட்டோரம் வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, உள்ளே இருக்கிறவர் அசையவில்லை. மாரடைப்பு. நண்பர் ஒருவர் போய் வண்டியை எடுத்தபோது விளக்கு எரிந்துகொண்டிருந்ததாம். நேராக வீட்டுக்கு ஓட்டிவந்து நிறுத்தியதுதான், அப்புறம் அது நகரவே இல்லை.

டயரில் காற்று குறைந்தால்கூடத் தனக்குப் போன் செய்கிற மனிதர் என்றார். அன்று அவர் கூப்பிட்டது விளக்கு எரிகிறது என்று சொல்லவா, நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லவா? எட்டு மாதமாக அந்தப் பெண் தூங்காதது இந்த ஒரு கேள்விக்காக. விளக்கு வந்த பிறகு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஸ்கேனரில் தெரியும் என்று எங்கோ படித்திருக்கிறார். "போன தடவை செருகினீங்கள்ல, அப்ப அது எவ்வளவுண்ணே காட்டுச்சு?"

நான் அழித்தது என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பார்க்கவில்லை, அழித்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்த சொல் வேறு. "பதினாலு" என்றேன்.

ஏன் பதினாலு என்று கேட்காதீர்கள். பன்னிரண்டு சொல்லியிருக்கலாம், இருபது சொல்லியிருக்கலாம். அவர், அன்று வண்டி நின்ற இடத்திலிருந்து வீடு சரியாகப் பதினொரு கிலோமீட்டர், அளந்து பார்த்திருக்கிறேன் என்றார். அந்தப் பதினொன்று எனக்கு அதுவரை தெரியாது. அவரே கழித்துக்கொண்டார். காரின் கூரை மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அப்ப நிறுத்துறதுக்கு மூணு கிலோமீட்டர் முன்னாடியே எரிஞ்சிருக்கு. விளக்கைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கார்."

பட்டறையில்

பொய் சொல்லிவிட்டு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. சென்சார் வாங்கப் போன இடத்தில் ரஹீம் பாயிடம் கொட்டினேன். அவர் திட்டுவார் என்று பார்த்தால், என் போனைக் கேட்டார். வண்டியில் அழிந்தது அழிந்ததுதான். ஆனால் செருகியதும் ஸ்கேனர் எல்லாப் பக்கத்தையும் தானே படித்து, போனில் ஒரு ரிப்போர்ட் சேமித்து வைக்குமாம். நாலு வருடமாக நான் அந்த இடத்தைத் திறந்ததே இல்லை. அப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாது.

வெள்ளைக் காரின் ரிப்போர்ட் இருந்தது. முதல் முறை, பகல் பதினொன்று பத்து. பாய் விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனார். மூன்றாம் பக்கத்தின் அடியில், விளக்கு எரிந்தபின் ஓடிய தூரம்: 14 கி.மீ.

லேத் ஓடிக்கொண்டிருந்தது, வெளியே பஸ் ஹாரன் அடித்தது, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பயத்தில் கண் மட்டும் படித்திருக்கும், மனசுக்குத் தெரிந்திருக்காது என்றார் பாய். மூன்றாம் பக்கம் வரைக்குமா? நான் திரையைத் தள்ளவே இல்லை, அந்தக் காருக்குள் இருந்ததே ஒரு நிமிடம்தான் என்றேன். அவர் போனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "அப்ப சொன்னது நீ இல்ல மாமே. வாய் மட்டும்தான் உன்னுது."

கடைசியாக ஒரு தடவை

சென்சாரை மாற்றிய அன்று ரிப்போர்ட்டை அச்சடித்துச் சுகந்தியிடம் கொடுத்தேன். அன்று நான் பார்க்காமல் சொன்னதையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அந்த ஒரு வரியை இரண்டு முறை படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்தார். வண்டியை விற்கப் போவதில்லை, ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். சீட்டை முன்னால் இழுக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார். இழுத்துவிட்டேன்.

அவரே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காக அணைந்தது. உடனே அந்தப் பெண்குரல் வந்தது, திரையில் 'பிரபா' வந்தது. அந்தப் பெயரைத் திரையிலிருந்து எடுத்துவிடுவது எளிது, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ணே. நீங்க விளக்கை அணைச்சதே போதும்" என்றார்.

இப்போதெல்லாம் நானும் பையில் ஒரு கிழிந்த அட்டை வைத்திருக்கிறேன். வண்டி சொல்வதை என் வாய் முந்திக்கொள்ளாமல் இருக்க எனக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதான்.