அண்ணா பார்க்காத வெள்ளிகள்

துருவில் தேசிக்காய்ப் புளி பட்டால் ஒரு மணம் எழும்புமே, தெரியுமோ உங்களுக்கு? போன ஞாயிறு முழுக்க எங்கள் கிளிநொச்சி வீட்டுக் குசினியில் அதுதான் மணந்தது. மேசையில் பழைய பேப்பர் விரித்து, ஒரு கறுத்த தகர உருண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலெல்லாம் ஊசித் துளைகள், உள்ளே சின்னதாய் ஒரு பல்ப். இருட்டறையில் எரியவிட்டால் சுவர், கூரை எங்கும் நட்சத்திரம். நட்சத்திரத்தை நாங்கள் வெள்ளி என்போம். அதனால் உருண்டைக்கு வைத்த பெயர் வெள்ளிப் பந்து. ஜெர்மனி மாமா அனுப்பிய விளையாட்டுச் சாமான்.

"கந்தோரில பேனை பிடிக்கிற கைக்கு உந்த வேலை தேவையோ?" என்றாள் மனைவி. ஈயம் பற்றவைக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டு நான் துள்ளியதைக் கண்டவள், வேறென்ன கேட்பாள்? ஆனால் வேலையை ஏவியது அம்மா. "அவன் வந்தாப் பாக்கவேணும், திருத்தி வை" என்று சொல்லிவிட்டார். அவன் என்றால் என் அண்ணா.

கடைசிச் சண்டைக்குக் கொஞ்சம் முன்னர் பந்து எங்களிடம் வந்தது. அப்போது வன்னிக்குள் பற்றரி கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டார்கள். சோதனையில் பற்றரியைக் கழற்றி எடுத்துவிட்டுப் பந்தை மட்டும் விட்டிருந்தார்கள். நான் அழுது ஊரைக் கூட்டினேன். அண்ணா சைக்கிளை முற்றத்தில் ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்தான். எங்கள் பக்கத்தில் ரேடியோ கேட்டதும் அப்படித்தானே. ஒருவர் மிதிக்க, நாலு வீடு செய்தி கேட்கும். நெல் மூட்டை அடுக்கிய, யன்னலில்லாத அறைக்குள் கதவுக்குக் கீழால் வயரை விட்டு, அம்மாவும் நானும் உள்ளே போய்ச் சாத்திக்கொள்வோம். பட்டப்பகலில் வெள்ளி!

அண்ணா வெளியே மிதிப்பான். வேகமாக மிதித்தால் வெள்ளிகள் பளிச்சிடும், அவனுக்கு மூச்சு வாங்கினால் மங்கும். "தெரியுதோ?" என்று கத்துவான்.

"தெரியுதண்ணா, மிதி, மிதி!" நானா இரக்கப்படுகிறவன்?

"வானத்தில வெள்ளி சும்மா கிடக்கு. உதுக்கேன் ரயரைத் தேய்க்கிறியள்?" என்று அப்பா புறுபுறுப்பார்.

"மிதிச்சது காணும், இறங்கி வா. நீயும் ஒருக்காப் பார்" என்று அம்மா கூப்பிடுவார். இறங்கினால் வெள்ளி அணைந்துவிடுமே. எனக்குப் பெடலில் கால் எட்டாது. "தம்பி வளரட்டும். அவன் மிதிக்கேக்க நான் பாக்கிறன்" என்பான் அண்ணா.

நான் வளர முன்னமே ஊரை விட்டு எழும்பவேண்டி வந்தது. பித்தளைச் சாமான்களோடு பந்தையும் உரப்பையில் கட்டி, தென்னைக்கு அடியில் அப்பா புதைத்தார். முல்லைத்தீவுப் பக்கம் தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருந்த நாட்களில், தண்ணீர் எடுக்கப் போன அண்ணா திரும்பி வரவில்லை. செத்ததைக் கண்டவர்களும் இல்லை. தேடித் தேடியே அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா இப்போதும் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மாரின் பந்தலில் போய் இருப்பார். எனக்கு அந்தப் படத்தைப் பார்க்கப் பொறுக்காது. இப்போது அண்ணாவை விட நான்தான் மூப்பு.

ஊர் திரும்பித் தோண்டி எடுத்த பந்தின் துளைகளெல்லாம் மண் அடைத்துக் கிடந்தன. ஒவ்வொன்றாய் ஊசியால் குத்தித் திறந்தேன். பழைய பல்பைக் கழற்றி எல்.ஈ.டி. பல்ப் போட்டு, போன் சார்ஜரில் கொழுவினேன்.

பின்னேரம் அறையை இருட்டாக்கி, அம்மாவைக் கதிரையில் இருத்திச் சுவிச்சைப் போட்டேன். சுவர் முழுக்க வெள்ளிகள், ஒரு துடிப்பில்லாமல் அப்படியே நின்றன. எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை.

"இனி ஒருத்தரும் வெளியில நிண்டு மிதிக்கத் தேவையில்லையம்மா. எல்லாரும் உள்ள இருந்தே பாக்கலாம்" என்றேன். சொன்ன பிறகுதான், யாரிடம் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

அம்மா சுவரைப் பார்க்கவில்லை. சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே செயின் சத்தம் இல்லை, மூச்சிரைப்பு இல்லை, தெரியுதோ என்று கேட்க ஆளில்லை. என்றாலும் அம்மா பதில் சொன்னார்.

"தெரியுது மோனை. காணும், இறங்கி வா."